கண்ணாடிக்காரர் மகளும் செத்த குருவிகளும்

கண்ணாடிக்காரருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் கை தவறி ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. இன்னொன்று, வெளிவட்டச் சாலையில் நிற்கும் ஒன்பது மாடிக் கட்டடம். நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர். மகனையும் ஐந்து ஆட்களையும் வைத்துக்கொண்டு பதினொரு மாதம் சாரத்தில் தொங்கிப் போட்ட வேலை. அந்த வழியாக பஸ்ஸில் போனால், பக்கத்து சீட்டில் இருப்பவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அது நம்ம வேலை" என்பார்.

மகளை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. டாக்டர் ஆவாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். மார்க் காலை வாரிவிட்டது. அவள் விலங்கியலில் சேர்ந்தாள்.

"மாட்டு டாக்டராவது ஆகலாம்ல?"

"அதுக்கும் மார்க் வேணும்ப்பா."

"அப்போ இதைப் படிச்சு என்னதான் ஆவே?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே பறவை என்றால் உயிர் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. காயப்போட்ட துணியில் புறா எச்சம் போட்டால், ஏழு தலைமுறைப் புறாவையும் சேர்த்துத் திட்டுகிற ரகம் அவள். பட்டம் வாங்கினாள். மேற்பட்டமும் வாங்கினாள். ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தபோது பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அது யாரும் போக விரும்பாத கைடிடம்.

அந்தப் பேராசிரியர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வணக்கம் சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பார். அவரிடம் சேர்ந்த மூன்று பேரில் இரண்டு பேர் பாதியில் ஓடினார்கள், மூன்றாவது ஆள் வங்கி வேலைக்குப் போய்த் தப்பித்தான். சேர்ந்த முதல் வாரமே இவள் அவருடைய வகுப்பில் கை தூக்கி ஒரு தேதியைத் திருத்தினாள். மறுநாள் துறையின் பின்கட்டில் இருக்கும் காட்சி அறைச் சாவியை மேஜை மேல் விட்டெறிந்தார்.

"உள்ள இருக்கிற சீட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்து. தேதி சரியா இருக்கான்னும் பாரு. உனக்குத்தான் தேதி நல்லா வருதே."

அந்த அறையில் ஜன்னல் கிடையாது. பாச்சை உருண்டை நெடி மூக்கைத் துளைக்கும். இழுப்பறையை இழுத்தால், பஞ்சு அடைத்த பறவைகள் மல்லாந்து கிடக்கும், ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. என்ன பறவை, எந்தத் தேதி, எங்கே கிடைத்தது. நாற்பது வருடத்துச் சீட்டுகள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். எட்டாம் நாள் கை தானாக நின்றது.

ஒரு கதிர்க்குருவியின் சீட்டில் "நூலகச் சுவரடி" என்று இருந்தது. முந்தின நாள் ஒரு மீன்கொத்தியின் சீட்டிலும் அதையே பார்த்த ஞாபகம். ஏற்றியதையெல்லாம் இடவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். அறுபத்தொரு சீட்டுகளில் நூலகச் சுவரடி. அதில் ஒன்றுகூட பதினான்கு வருடத்துக்கு முந்தியது இல்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே என்ன நடந்தது? எழுந்து போய்ப் பார்த்தாள். நூலகத்தின் கிழக்குப் பக்கம் புதிய வாசிப்பறை கட்டியிருந்தார்கள். வாசலில் கல்வெட்டு இருந்தது, வருடம் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. அதில் எதிரே நிற்கும் மரங்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. கண்ணாடிக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கே ஒரு கணம், கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் தோப்பு இருப்பதுபோல் பட்டது.

கைடிடம் ஓடினாள்.

"செத்ததைப் பொறுக்குறது ஆராய்ச்சி இல்ல. அதுக்குத் துப்புரவு வேலைன்னு பேரு."

"எண்ணினா ஆராய்ச்சி சார்."

வாய் முந்திக்கொண்டது. அவர் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராக இவளைப் பார்த்தார்.

"சரி, எண்ணு. ஒரு வருஷம், தினமும். ஒரு நாள் விட்டேன்னு தெரிஞ்சாலும் என் கையெழுத்து கிடைக்காது."

தண்டனையாகத்தான் சொன்னார். அவள் அதை வரமாக எடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் பொய். வீம்பாக எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது கட்டடங்களைத் தேர்ந்தெடுத்தாள். அப்பாவின் கட்டடத்தைக் கடைசியாக எழுதினாள். எழுதாமல் விடவும் மனம் வரவில்லை, முதலில் எழுதவும் கை வரவில்லை. விடிந்ததும் பெருக்கிவிடுவார்கள் என்பதால் வெளுக்கும் முன்பே ஸ்கூட்டரில் கிளம்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுவரையும் ஒட்டி நடந்து, பூந்தொட்டிக்குப் பின்னால், சாக்கடை மூடியின் மேல், கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் தேட வேண்டும். கிடைத்ததை ஜிப் வைத்த கவரில் போட்டு, பென்சிலால் சீட்டு எழுத வேண்டும். உயிரோடு கிடந்து கையில் எடுத்த பிறகு அடங்கிப்போனவையும் உண்டு. அந்த நாட்களில் சீட்டில் எழுத்து கோணலாக இருக்கும்.

எந்தக் கட்டடத்திலும் அவளை யாரும் வா என்று சொல்லவில்லை. ஒரு காவலாளி நாயை அவிழ்த்துவிட்டார். இன்னொருவர் செல்போனில் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். மூன்றாவது கட்டடத்தில் பெருக்கும் அம்மா ஒருத்தி இடுப்பில் கை வைத்து வழியை மறித்தாள்.

"எங்க வேலையில நொட்டை சொல்லத்தானே உன்னை அனுப்பியிருக்காங்க?"

"இல்லக்கா, நான் குருவி..."

"குருவியாம் குருவி! எனக்குக் காது குத்தியாச்சு, நீ வேற குத்தாதே."

மறுநாளிலிருந்து அந்த அம்மா அரைமணி முன்னதாகவே வந்து பெருக்கினாள். இவள் அதற்கும் அரைமணி முன்னால் போனாள். ஒரு மாதம் இந்தப் போட்டி நடந்தது. காவலாளிகள் இவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். "சாக்குருவி வந்துடுச்சு, கேட்டைத் திறப்பா" என்று இவள் காதில் விழும்படியே சொல்வார்கள்.

துறையில் பெரிய ஃப்ரீசர் ஒன்று இருந்தது. கைடு அதன் சாவியைத் தரவில்லை. "அது ரசாயனம் வைக்கிறதுக்கு. பொணம் வைக்கிறதுக்கு இல்ல." வேறு வழியில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், பழைய இனிப்பு டப்பாவில் போட்டு, ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒளித்தாள். நான்கு மாதம் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"டப்பாவைத் திறந்தா காலு காலா நீட்டிக்கிட்டு இருக்குடி! சாப்பிடுற எடத்துல கொண்டாந்து வச்சிருக்கியே, நீ மனுஷியா?"

அப்பா டப்பாவை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்கு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் கவிழ்த்தார். நாற்பத்து மூன்று கவர்கள் வாழைப்பழத் தோல் மேலும் முட்டை ஓட்டின் மேலும் சரிந்தன. அவள் இடுப்பு வரை உள்ளே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

தெரு பார்க்கிறது என்ற கூச்சத்தில், அவளைச் சீக்கிரம் கிளப்புவதற்காகத்தான் அவரும் இரண்டு கவரை எடுத்தார். ஒன்றின் சீட்டு கண்ணில் பட்டது. அடுத்ததையும் படித்தார். அப்புறம் தொட்டியிலிருந்தே வேறு நாலைந்தை எடுத்துப் படித்தார்.

"வெளிவட்டச் சாலை, கிழக்குச் சுவர்னா எது?"

"உங்களுதுதான்ப்பா."

"குருவிக்குக் கண்ணு கிடையாதா?"

"கண்ணு இருக்கு. கண்ணாடி தெரியாது. அதுல தெரியுற மரம்தான் தெரியும். நேரா மரத்துக்குப் பறக்குறதா நினைச்சு வந்து மோதுது."

"எல்லாம் அங்கேயா?"

"நாப்பத்து மூணுல இருபத்தாறு."

அவர் கையிலிருந்தவற்றை டப்பாவில் போடவும் இல்லை, தொட்டியில் போடவும் இல்லை. தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் அவளிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "இதை வெளிய சொல்லுவியா?"

"ஆராய்ச்சில எழுதணும்ப்பா."

"ஊருல சொல்லுவியான்னு கேட்டேன்."

"மாட்டேன்."

அதைச் சொன்னபோது அவள் மனதாரத்தான் சொன்னாள்.

வருடம் முடிந்தது. ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலில் ஸ்கூட்டர் ஓட்ட முடியாத இரண்டு நாள் ஆட்டோவில் போனாள். மொத்தம் முந்நூற்று இருபத்தேழு பறவைகள், அதில் நூற்றுப் பதினெட்டு அப்பாவின் கிழக்குச் சுவரில். கைடு அட்டவணையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஒரு கூட்டல் பிழையைக் கண்டுபிடித்து அதில் மட்டும் திருப்தியடைந்தார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று அவளும் காத்திருக்கவில்லை. ஆனால் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்ற பசி உள்ளே இருந்தது. அந்தப் பசிதான் அவளைக் கவிழ்த்தது.

பொது நூலகத்தில் மாதம் ஒருமுறை யாராவது ஏதாவது பேசுவார்கள். இவளைக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். பாதிப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். அவள் மேஜையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, முன்னால் ஒரு செடித் தொட்டியை வைத்து, குருவியின் கண் உயரத்தில் குனிந்து பார்க்கச் சொன்னாள். குனிந்தவர்கள் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வரிசையில் வந்து குனிந்தார்கள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் பேச்சை மனிதர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"இருக்கறதுலயே எந்தக் கட்டடம் ரொம்ப மோசம்மா?"

எண்ணிக்கையை மட்டும் சொல்லியிருக்கலாம். 'ஒன்பதாவது கட்டடம்' என்று சொல்லியிருக்கலாம். அவள் பெயரைச் சொல்லிவிட்டாள்.

கேட்டவர் நிருபர். புதன்கிழமை பேப்பரில் வந்தது: 'குருவிகளைக் கொல்லும் கண்ணாடிக் கட்டடம். கட்டியவர் மகளே அம்பலம்.' யார் மகள் என்பதை அவரே விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார்.

கடையில் கண்ணாடிகளுக்கு நடுவே உரசாமல் வைக்கப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக இருக்கும். அப்பா அன்றைய பேப்பரைப் படித்து, மடித்து, அந்தக் கட்டின் மேல் வைத்தார். அன்றிலிருந்து அவளிடம் பேசவில்லை. ஏற்கெனவே வாய்ப்பேச்சில் முடிவாகியிருந்த மருத்துவமனைக் கட்டட வேலை வேறு ஆளுக்குப் போனது. அண்ணன் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"உன்னை யாராவது கேட்டாங்களா? கேட்டா சொல்லிடுவியா? எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"

"நான் கொலைன்னு சொல்லலண்ணா."

"பேரைச் சொன்னியா, இல்லியா?"



பல்கலைக்கழகத்திலும் இடிதான். தன்னைக் கேட்காமல் பத்திரிகைக்குப் பேசினாள் என்று கைடு எழுத்தில் விளக்கம் கேட்டார், ஒரு மாதம் ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது என்றார். அந்த ஒரு மாதமும் அவள் விடியுமுன் எழுந்து ஒன்பது கட்டடத்தையும் சுற்றினாள். எண்ணுவதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை.

இரண்டாவது வாரம் வெளிவட்டச் சாலைக் கட்டடத்தின் மேலாளர் அவளுக்குக் கடிதம் அனுப்பினார். அங்கே அலுவலகம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கூடப்போகிறார்கள், வந்து விளக்கலாம் என்றிருந்தது. விளக்க அல்ல, மூக்கை உடைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது படித்ததுமே புரிந்தது. இருந்தாலும் போனாள். காலை பதினொரு மணி, தரைத்தளக் கூடம், நாற்பது நாற்காலிகள். முன் வரிசையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவள் பேசினாள். கண்ணாடியின் வெளிப்பக்கம், மூன்று விரல் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒட்டினால் போதும், குருவி அதைச் சுவர் என்று புரிந்துகொண்டு திரும்பிவிடும், கீழ் மூன்று மாடிக்கு ஒட்டினாலே மோதுவது பெரும்பாலும் நிற்கும் என்றாள். பாதியிலேயே ஒருவர், "கட்டடத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும்" என்றார். சிரிப்பு எழுந்தது.

மேலாளர் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தார்.

"மேடம் குருவியைப் படிச்சிருக்காங்க. கண்ணாடியைப் படிக்கல. வெளிய எதையாவது ஒட்டினா வெயில்ல சூடு ஏறிக் கண்ணாடி விரிசல் விடும். இப்பவே நாலு கண்ணாடி விரிஞ்சு கிடக்கு. போட்ட வேலையே அரைகுறை, அது மேல இவங்க புள்ளி வேற வைக்கணுமாம். போட்டவரே இருக்கார், அவரையே கேளுங்க."

அப்பாவை அவர் கூட்டிவந்தது ஆமாம் போடுவதற்கு. அப்பாவும் அதற்குத்தான் வந்திருந்தார். ஆனால் எழுந்தபோது அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அரைகுறையா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க..."

"விரிஞ்ச நாலும் எங்கே இருக்கு? ரெண்டாவது மாடி, தெற்கு மூலை. ஏசிக் காத்து நேரா கண்ணாடி மேல அடிக்கிற மாதிரி உங்க ஆளுங்க குழாயைத் திருப்பி வச்சிருக்காங்க. வெளிய வெயில், உள்ள குளிரு. விரியாம என்ன செய்யும்? அன்னிக்கே எழுதிக் கொடுத்தேன். உங்க கையெழுத்தோட நகல் கடையில இருக்கு."

"சரிங்க, புள்ளி ஒட்டினா..."

"கறுப்புத் தாளை உள்பக்கம் முழுசா ஒட்டினா விரியும். வெளிய புள்ளி ஒட்டினா ஒண்ணும் ஆகாது. இது தெரியாம கட்டடம் பாக்குறீங்களா? நாலு ஆள் இருந்தா கிழக்குச் சுவர் மூணு மாடியும் பன்னெண்டு நாள் வேலை."

முதல் மாடிக் கண் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் பெண், நாற்காலியிலிருந்தே பேசினாள். "தினம் காலையில தொப்பு தொப்புனு சத்தம். வர்றவங்க என்னன்னு கேக்குறாங்க. கண்ணாஸ்பத்திரில உக்காந்துக்கிட்டு, கண்ணு தெரியாம மோதுதுன்னு எப்படிங்க சொல்றது?" இந்தத் தடவை சிரிப்பு மேலாளரைப் பார்த்துத் திரும்பியது. அரை மணி நேரம் கத்திக் கூச்சல் போட்ட பிறகு, ஒட்டித்தான் பார்ப்போமே என்று முடிவானது.

வெளியே படிக்கட்டில் அவள் அப்பாவை எட்டிப் பிடித்தாள்.

"அப்பா..."

"உனக்காகப் பேசினேன்னு கனவு காணாதே. என் வேலையைக் குறை சொன்னான், பேசினேன்."

"பேரைச் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டுச் சொன்னது என் தப்புதான்ப்பா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அவளுடைய ஸ்கூட்டரைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கு.

மேலாளர் அந்த வேலையை அப்பாவிடம் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே வேறு ஆட்களை அழைத்தார். அவர்கள் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதுவும் உள்பக்கமாக ஒட்டிவிட்டுப் போனார்கள். குருவிகள் முன்போலவே வந்து மோதின. அவள் வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதே கண் மருத்துவமனைப் பெண், மோதிய சத்தங்களைத் தேதியும் நேரமும் போட்டு எழுதி, அதையும் கடிதத்தோடு சேர்க்கச் சொன்னாள். ஏழாவது கடிதத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு ஒழுங்காக ஒட்டினார்கள். மறுவருடம் கிழக்குச் சுவரில் பத்தொன்பது பறவைகள் செத்தன. நூற்றுப் பதினெட்டு எங்கே, பத்தொன்பது எங்கே.

கட்டுரை வெளியானபோது கைடின் பெயர் முதலில் இருந்தது. அவள் கேட்டாள். "கையெழுத்து வேணுமா, வேண்டாமா?" என்றார். வேண்டியிருந்தது. பட்டம் வந்த அன்று அவரது மேஜையில் காட்சி அறைச் சாவியை வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது அவள் பறவை ஆய்வு மையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். பாதி நாள் எண்ணுகிறாள். மீதி நாள் பள்ளிக்கூடங்களுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் செடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். போன மாதம் ஒரு சங்கத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு பள்ளியில், படிக்கிற பிள்ளைகளுக்குப் பிணத்தைக் காட்டுகிறாள் என்று ஓர் அம்மா எழுதிக் கொடுத்தார். எந்த இடத்திலும் அவள் எந்தக் கட்டடத்தின் பெயரையும் சொல்வதில்லை. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அப்பா இன்னும் பேசுவதில்லை. அம்மா நடுவில் நின்று தூது போகிறாள். சென்ற வாரம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா கூடத்திலிருந்து வந்து அலுப்போடு கேட்டாள்:

"அந்தப் புள்ளியை எந்தப் பசையில ஒட்டியிருக்காங்கன்னு உங்கப்பா கேக்குறார்."

"தெரியல, விசாரிக்கிறேன்னு சொல்லும்மா."

"விசாரிக்கிறாளாம்" என்று அம்மா கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"விசாரிக்க வேணாம்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நேத்து போய்ப் பாத்தேன். இப்பவே ஓரம் தூக்குது. ரெண்டு வருஷத்துல மொத்தமும் உரிஞ்சு விழும். தொழில் தெரியாத பசங்க. அவகிட்ட சொல்லு."

"காதுல விழுந்துச்சுன்னு சொல்லும்மா."

"நீங்களே பேசித் தொலைங்களேன்! நான் என்ன தபால்காரியா?" என்று அம்மா இருவருக்கும் பொதுவாகக் கத்திவிட்டு, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள்.

கை கழுவிவிட்டு அவள் மேலாளருக்கு எட்டாவது கடிதத்தை எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது, ஒரே வரியில்: இனிமேல் தங்களிடமிருந்து கடிதங்கள் ஏற்கப்பட மாட்டா. அவள் ஒன்பதாவதை எழுத உட்கார்ந்தாள்.